ஒரே விலை, வேறு வேறு கணக்கு

கேள்வி: ஐயா, நான் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடியோ கேம் கன்சோல் நிறுவனங்களுக்கு இடையே நடந்த விலைப் போட்டியை ப்ராஜெக்டுக்கு எடுத்திருக்கிறேன். "விலை குறைந்தால் விற்பனை கூடும், அதை வரைபடமாகப் போட்டுக் காட்டினால் போதும்" என்கிறார் என் வழிகாட்டி ஆசிரியர். ஆனால் சோனி விலையைக் குறைத்த ஒவ்வொரு முறையும் சேகாவும் குறைத்திருக்கிறது. அப்படியும் சேகா கன்சோல் தொழிலை விட்டே போய்விட்டது. நான் என்ன எழுதுவது? இன்னொன்று, நானும் ஒரு கன்சோல் வாங்க, விலை இறங்கும் என்று நம்பி இரண்டு வருடமாகப் பணம் சேர்த்துக்கொண்டு காத்திருக்கிறேன். இறங்கவில்லை. வெளிநாட்டில் ஏறுகிறது என்று வேறு செய்தி வருகிறது. இன்னும் காத்திருக்கலாமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்:

தம்பி, உங்கள் ஆசிரியர் சொன்னதில் தவறு இல்லை. விலை இறங்கினால் விற்பனை ஏறத்தான் செய்யும். ஆனால் தெருவில் ஒரே ஒரு கடை இருந்தால்தான் அந்த வரைபடம் முழுசாகப் பொருந்தும். எதிர்க்கடைக்காரர் மறுநாள் காலை என்ன செய்வார் என்பது அதில் வராது. நீங்கள் சந்தேகப்பட்டு நிற்பது சரியான இடத்தில்தான். அதை விட்டுவிடாமல் ப்ராஜெக்டின் மையக் கேள்வியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் காஸ்ட் அக்கவுண்டன்ட். இருபத்தைந்து வருடம் தொழிற்சாலைகளில் அடக்க விலைக் கணக்குப் பார்த்தவன். ஒரு பொருளின் விலைச் சீட்டைப் பார்த்தால், 'இதை இவர்கள் எவ்வளவுக்குச் செய்கிறார்கள்' என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும். சேகாவின் கதையையும் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

1995 மே 11. லாஸ் ஏஞ்சலஸில் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி முதல்முறையாக நடந்தது. சேகா தன் சாட்டர்ன் கன்சோலின் விலை 399 டாலர் என்று அறிவித்தது. செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே சில கடைகளில் கிடைக்கும் என்றும் சொன்னது. அதே நாளில் சோனியின் அமெரிக்கக் கேம் பிரிவின் தலைவர் ஸ்டீவ் ரேஸ் மேடையேறினார். "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அவ்வளவுதான் பேச்சு. சோனியின் கன்சோலான ப்ளேஸ்டேஷன் அமெரிக்கக் கடைகளுக்கு வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. ஆனாலும் கடையில் இருந்த சாட்டர்ன் அன்றைக்கே 'நூறு டாலர் கூடுதல்' பொருளாகிவிட்டது.

அந்த ஆண்டு முடிவதற்குள் சாட்டர்னும் 299-க்கு வந்தது. 1996 மே மாதம் சோனி 199-க்கு இறங்கியது. சேகாவும் இறங்கியது. செப்டம்பரில் நிண்டெண்டோ 64 அமெரிக்காவுக்கு அதே 199 டாலர் அளவில் வந்தது. 1997 மார்ச்சில் ப்ளேஸ்டேஷன் 149, நிண்டெண்டோவும் 149. சேகாவும் சில மாதங்களில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டே வருடத்தில் 399 என்பது 149 ஆனது. கடைசியில் ப்ளேஸ்டேஷன் உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேல் விற்றது. நிண்டெண்டோ 64 சுமார் 3 கோடியே 29 லட்சம். சாட்டர்ன் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை.

விலைப் பட்டியலை மட்டும் பார்த்தால் இது புரியாது. பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். சாட்டர்னுக்குள் ஹிட்டாச்சியின் செயலிகள் இரண்டு, படத்துக்குத் தனியாக இரண்டு சிப்கள், ஒலிக்கு வேறு சிப்கள். திறமையான இயந்திரம்தான். ஆனால் பாகங்கள் அதிகம். பல வேலைகளைப் பல சிப்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்ததால், அவற்றைப் பின்னால் ஒன்றாகச் சேர்த்துச் செலவைக் குறைப்பதும் கடினம். சோனியோ சி.டி. டிரைவைத் தானே செய்யத் தெரிந்த நிறுவனம். முப்பரிமாணக் கணக்குப் போடும் பகுதியையும் முதன்மைச் செயலியையும் ஆரம்பத்திலேயே ஒரே சிப்பில் வைத்திருந்தது. அப்புறம் வருடா வருடம் உள்ளே எதையாவது சுருக்கிக்கொண்டே வந்தது. பழைய ப்ளேஸ்டேஷன் மாடல்களை வரிசையாக வைத்து முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். இணைப்புத் துளைகள் ஒவ்வொன்றாகக் குறைந்திருக்கும். 2000-ல் பிஎஸ் ஒன் என்ற கைக்கு அடக்கமான மாடலே வந்துவிட்டது. வாடிக்கையாளருக்குத் தெரியாமலே சில்லறை சில்லறையாகச் சேமித்த அந்தப் பணம்தான் சோனியின் விலை இறக்கம்.

அதனால் 199 என்று இரண்டு பெட்டியிலும் ஒட்டியிருந்தாலும் இருவருக்கும் அது ஒரே விலை இல்லை. ஒருவர் சேமித்ததை எடுத்துக் கொடுத்தார். இன்னொருவர் கைமுதலை எடுத்துக் கொடுத்தார்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஒரு மிக்ஸி தொழிற்சாலையில், போட்டிக் கம்பெனி 200 ரூபாய் குறைத்த ஒரே வாரத்தில் நாங்களும் 200 ரூபாய் குறைத்தோம். அவர்கள் மோட்டாருக்குத் தங்கள் கொட்டகையிலேயே காயில் சுற்றினார்கள். நாங்கள் மோட்டாரை வெளியே வாங்கிக்கொண்டிருந்தோம். விற்பனை ஏறியது, உங்கள் ஆசிரியரின் வரைபடம் அப்படியே பலித்தது. ஆனால் ஒவ்வொரு மிக்ஸி வெளியே போகும்போதும் கையைக் கடித்தது. விற்பனைப் பிரிவில் இனிப்புக் கொடுத்த அன்றைக்கு நான் அந்த மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனது இன்னும் நினைவிருக்கிறது.

மிக்ஸி விற்பவருக்கு நஷ்டம் என்றால் நஷ்டம்தான். கன்சோல் விற்பவருக்கு அதை வேறு வழியில் திருப்பி எடுக்க ஒரு வாய்ப்பு உண்டு. பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் சம்பாதிக்கிற மாதிரி, கன்சோலைக் குறைந்த லாபத்துக்கோ நஷ்டத்துக்கோ கொடுத்து, அப்புறம் விற்கிற ஒவ்வொரு கேமிலும் ராயல்டி எடுப்பார்கள். ஆக, விலை இறக்கத்தால் உள்ளே வருகிறவர் அதன்பின் கேம் வாங்க வேண்டும். வாங்குவதற்கு நல்ல கேம் இருக்க வேண்டும். கேம் செய்கிற நிறுவனங்களோ, எந்தக் கன்சோல் அதிக வீடுகளில் இருக்கிறதோ அதற்குத்தான் முதலில் செய்வார்கள். சாட்டர்ன் இங்கேதான் இரண்டாவது அடி வாங்கியது. இரண்டு செயலிகளையும் ஒத்துப்போக வைத்துக் கேம் எழுதுவது சிரமம், விற்ற பெட்டிகளும் குறைவு. பலரும் ப்ளேஸ்டேஷன் பக்கம் போனார்கள். நிண்டெண்டோ 64-ன் கேம்கள் உள்ளே சிப் வைத்த கார்ட்ரிஜில் வந்தன, கார்ட்ரிஜ் செய்யச் செலவு அதிகம். சி.டி. மலிவு. அதுவும் சோனிக்குச் சாதகம். கேம் வராத கன்சோலின் விலையைக் குறைத்தால், குறைத்த பணத்தைத் திருப்பித் தர யாரும் இல்லை.

இதிலிருந்து காலம் பற்றிய ஒரு விஷயமும் தெரிகிறது. பந்தயம் தொடங்கும்போது குறைத்தால் வீடுகளும் கேம் நிறுவனங்களும் சேர்ந்து உங்கள் பக்கம் வரும். முடியும்போது குறைத்தால் கிடங்கில் தேங்கிய சரக்கு காலியாகும், அவ்வளவுதான். சேகாவின் அடுத்த கன்சோலான ட்ரீம்காஸ்ட் 1999 செப்டம்பரில் அமெரிக்காவில் 199-க்கு வந்து, மறுவருடம் 149 ஆனது. 2001 ஜனவரி இறுதியில் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது 99 ஆனது. அந்த 99-ஐப் 'போட்டி விலை' என்ற தலைப்பில் சேர்க்காதீர்கள். அது கடையைக் கட்டும் விலை. அந்த நேரத்தில் சேகாவின் தலைவராக இருந்த இசாவோ ஒகாவா, தன் சொந்தப் பங்குகளை நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்து, அதற்குத் தான் தந்திருந்த கடனையும் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு மார்ச்சில் காலமானார். விலைப் போரைப் பற்றிப் படிக்கிறவர்கள் இந்த ஒரு விவரத்தைத் தாண்டிப் போய்விடக்கூடாது என்பது என் ஆசை.

சரி, 2002-க்கு வருவோம். உங்கள் ப்ராஜெக்டுக்கு ஒரே ஒரு உதாரணம் எடுக்க வேண்டும் என்றால் அந்த மே மாதத்தை எடுங்கள். சோனி ப்ளேஸ்டேஷன் 2-ஐ 299-லிருந்து 199-க்குக் கொண்டுவந்தது. மறுநாளே மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸை 299-லிருந்து 199 ஆக்கியது. அடுத்த சில நாளில் நிண்டெண்டோ கேம்க்யூப் 199-லிருந்து 149 ஆனது. எக்ஸ்பாக்ஸும் கேம்க்யூபும் கடைக்கு வந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த ஒரு வாரத்தில் யார் யாரை முந்தினார்கள்? விலை இடைவெளியைப் பாருங்கள். ப்ளேஸ்டேஷன் 2-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் நடுவில் முன்பும் இடைவெளி இல்லை, பிறகும் இல்லை. கேம்க்யூப் முன்பு 100 டாலர் மலிவாக இருந்தது, இப்போது 50 டாலர்தான் மலிவு. அதாவது தன் விலையைக் குறைத்த பிறகும் நிண்டெண்டோவின் சாதகம் பாதியானது! 'குறைத்தது எவ்வளவு' என்று மட்டும் பார்க்கிற வரைபடத்தில் இது தெரியவே தெரியாது.

எக்ஸ்பாக்ஸின் அடக்கக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. மைக்ரோசாஃப்ட் செயலியை இன்டெலிடமிருந்தும் படச் சிப்பை என்விடியாவிடமிருந்தும் வாங்கியது. சிப் விலையைக் குறைக்கும்படி என்விடியாவுடன் தகராறு வந்து மத்தியஸ்தம் வரை போனது, 2003 பிப்ரவரியில்தான் சமாதானமானது. அதோடு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு ஹார்ட் டிஸ்க். ஹார்ட் டிஸ்க் ஒரு விசித்திரமான பாகம். காலம் போகப் போக அதே விலைக்குப் பெரிய கொள்ளளவு கிடைக்குமே தவிர, சின்ன டிஸ்க் ஒரு அளவுக்குக் கீழே மலிவாகாது. உள்ளே மோட்டாரும் தட்டும் இருந்தே ஆக வேண்டும் அல்லவா?

சிப் அப்படி இல்லை. நீங்கள் ஈரோட்டுக்காரர், உங்களுக்குச் சொன்னால் புரியும். ஒரே அகலத் துணியில் பெரிய அளவுச் சட்டை வெட்டினால் நாலு தேறும், சின்ன அளவு வெட்டினால் ஏழெட்டு தேறும். சிலிக்கான் தகட்டில் சிப் வெட்டுவதும் அப்படித்தான். நுணுக்கம் கூடக் கூட அதே சிப் சின்னதாகும், ஒரு தகட்டில் அதிகம் தேறும். ப்ளேஸ்டேஷன் 2-ன் இரண்டு முக்கியச் சிப்களைச் சோனி இப்படிச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் ஒரே சிப்பாகவே ஆக்கியது. 2000-ல் 299-க்கு வந்த அந்தக் கன்சோல் 2009-ல் 99.99-க்கு விற்றது அதனால்தான். எக்ஸ்பாக்ஸில் சிப்பின் வடிவமைப்பு இன்டெலுக்கும் என்விடியாவுக்கும் சொந்தம். சுருக்கினால் வரும் மிச்சமும் முதலில் அவர்கள் கைக்குத்தான் போகும்.

மைக்ரோசாஃப்ட் இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டது. 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது சிப் வடிவமைப்பின் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, எங்கே செய்வது, எப்போது சுருக்குவது என்பதைத் தானே முடிவு செய்தது. 299 டாலர் மாடலில் ஹார்ட் டிஸ்கே வைக்கவில்லை. 2008-ல் குறைந்தபட்ச மாடலை 199-க்கு இறக்க முடிந்ததற்கான விதை, கன்சோல் கடைக்கு வருவதற்கு முன்பே போட்ட ஒப்பந்தங்களில் இருக்கிறது. நான் உங்களிடம் சொல்ல வந்ததே இதுதான் தம்பி. விலையைக் குறைக்கும் முடிவு செய்தியாக வருகிற நாளில் எடுக்கப்படுவதில்லை. வடிவமைப்பு மேசையிலும் கொள்முதல் ஒப்பந்தத்திலும் இரண்டு மூன்று வருடம் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது.

2006-ல் சோனியே இதில் இடறியது. ப்ளேஸ்டேஷன் 3-ல் புதிய செல் செயலி, புளூ-ரே டிரைவ், பழைய கேம்கள் ஓடுவதற்காக ப்ளேஸ்டேஷன் 2-ன் சிப்கள் என்று எல்லாவற்றையும் உள்ளே வைத்து 499, 599 டாலருக்குக் கொண்டுவந்தது. பக்கத்திலேயே நிண்டெண்டோ வீ 249 டாலர். மறுவருடம் 399-க்கு ஒரு மாடல் வந்தது. ஆனால் அதில் ப்ளேஸ்டேஷன் 2 கேம் ஓடும் வசதி இல்லை, நான்கு யூ.எஸ்.பி. துளைகளில் இரண்டு இல்லை, மெமரி கார்டு வாசிப்பான் இல்லை. விலை இறக்கம் என்று பட்டியலில் எழுதுகிறவற்றில் பல இப்படிப் பொருளைக் குறைத்ததுதான். 2014 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499-லிருந்து 399 ஆனதும் கினெக்ட் கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்ததால்தான். இந்த வகையைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு அப்பட்டமாகக் குறைத்ததற்கு நல்ல உதாரணம், கையில் வைத்து விளையாடும் நிண்டெண்டோ 3டிஎஸ். 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது. விற்பனை மந்தம். ஆறே மாதத்தில் 15,000 யென். அமெரிக்காவில் 249.99 டாலர் 169.99 ஆனது. தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். முதலிலேயே முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் மனம் வெறுத்துப்போகக் கூடாது என்று அவர்களுக்கு 20 பழைய கேம்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். எனக்கு இந்த இரண்டாவது விஷயம் ரொம்பப் பிடிக்கும். விலையைக் குறைக்கிறவர்கள் புது வாடிக்கையாளரையே பார்க்கிறார்கள். நேற்று முழு விலை கொடுத்தவர்தான் அடுத்த கன்சோலையும் முதல் நாளில் வாங்கக்கூடியவர். அந்த நிதியாண்டில் நிண்டெண்டோ நஷ்டக் கணக்குக் காட்டியது உண்மை. ஆனால் குறைத்த கையோடு அந்த ஆண்டு முடிவதற்குள் மாரியோ கேம் ஒன்றும் மாரியோ கார்ட் 7-ம் வந்தன. 3டிஎஸ் கடைசியில் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. அதே நிறுவனம் 2013-ல் வீ யூ கன்சோலை 349-லிருந்து 299 ஆக்கியபோது ஒன்றும் நடக்கவில்லை. மொத்தமே ஒன்றரைக் கோடிக்குள் முடிந்துபோனது. 2017-ல் 299-க்கு வந்த ஸ்விட்ச்சோ அமெரிக்காவில் பட்டியல் விலையைக் குறைக்காமலே 15 கோடியைத் தாண்டியது.

ப்ராஜெக்டை இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு விலை இறக்கத்துக்கும் ஒரு வரி. தேதி, பழைய விலை, புது விலை, எதிராளி எத்தனை நாளில் பின்தொடர்ந்தார், பின்தொடர்ந்த பிறகு இடைவெளி எவ்வளவு, பொருளில் ஏதாவது எடுக்கப்பட்டதா, அடுத்த ஆறு மாதத்தில் என்ன பெரிய கேம் வந்தது. பத்து வரி போட்டால் போதும். உங்கள் ஆசிரியர் கேட்ட வரைபடத்தையும் கூடவே போடுங்கள், அவர் சொன்னதை ஒதுக்க வேண்டாம். அட்டவணையைப் பக்கத்தில் வைத்தால் அவரே உங்களிடம் அடுத்த கேள்வியைக் கேட்பார்.

இனி உங்கள் சேமிப்பு. பட்டியல் விலை இறங்கும் என்று இன்னும் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. துணிக் கணக்கு இப்போது மாறிவிட்டது. சட்டை சின்னதாகிறது, ஆனால் அந்த நுணுக்கமான துணியின் விலையே ஒவ்வொரு தடவையும் ஏறுகிறது. சுருக்குவதால் பழையபடி மிச்சம் வருவதில்லை. ப்ளேஸ்டேஷன் 5 நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்து, 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவில் 2025-ல் அது 499-லிருந்து 549 டாலர் ஆனது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அதே ஆண்டில் இரண்டு தடவை ஏறி 499-லிருந்து 649-க்குப் போனது. ஒரு கன்சோல் வந்து நாலைந்து வருடம் கழித்து முதல் நாள் விலையைவிட அதிகமாக விற்பது, 1995-லிருந்து நான் மேலே சொன்ன கதைகள் எதிலும் இல்லை.

நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது பண்டிகைக் காலத் தள்ளுபடியை. அது சில நாள் இருக்கும், போய்விடும். பணத்தைத் தயாராக வைத்திருந்து அந்த நேரத்தில் எடுங்கள். டிஸ்க் போடும் மாடலாக எடுங்கள். முதலில் கொஞ்சம் கூடுதல் ஆனாலும், விளையாடி முடித்த டிஸ்கை விற்று அடுத்ததை வாங்கலாம், நண்பர்களோடு மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் இல்லாத மாடலில் அந்த வழி இல்லை. வாங்குவதற்கு முன் ஒரு தாளில் கன்சோலோடு முதல் வருடத்துக்கு நாலு கேம், ஆன்லைனில் விளையாடுவதானால் அதற்கான சந்தா, இன்னொரு கன்ட்ரோலர் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் உங்கள் விலை. அது சேமிப்பைத் தாண்டினால் தவணையில் எடுக்காதீர்கள், படிக்கிற வயதில் மாதா மாதம் கட்டுகிற பாரம் வேண்டாம். நல்ல நிலையில் இருக்கிற பழைய ப்ளேஸ்டேஷன் 4 ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கினால் அதற்கு வந்திருக்கிற கேம்களே உங்கள் படிப்பு முடியும் வரை போதும். வாங்கும்போது கன்ட்ரோலரின் குச்சியைத் தொடாதபோதும் திரையில் உருவம் தானாக நகர்கிறதா, டிஸ்க் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா என்று அரைமணி நேரமாவது விளையாடிப் பாருங்கள்.

அட்டவணை முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். குறிப்பாக 2002 மே மாத வரியை நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.